குப்பத்தின் கணக்கு

2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை தமிழகக் கரையில் ஏறியபோது உயிரிழந்தவர்களை ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்த கணக்கு ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபாம் அமைப்பு மறு ஆண்டு வெளியிட்ட குறிப்பின்படி, நாகப்பட்டினம் மாவட்டத்தில் பெண்கள் 2,406 பேர், ஆண்கள் 1,883 பேர். கடலூர் மாவட்டத்தில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர். ஏறத்தாழ மூன்று மடங்கு. அலைக்கு ஆண் பெண் பேதம் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் ஆண்கள் பலர் கடலுக்குள் இருந்தார்கள். ஆழமான நீரில் ஆழிப்பேரலை மெல்லிய ஏற்றமாகப் படகுக்கு அடியில் கடந்து போய்விடும். பெண்கள் கரையில் இருந்தார்கள், மீன்பாடு வந்து சேரக் காத்துக்கொண்டும் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டும். நீந்தவும் மரமேறவும் பழகிய பெண்கள் குறைவு. இடுப்பில் குழந்தையோடு ஓடியவர்கள் அதிகம். ஒரே கரை, ஒரே உயரம், ஒரே அலை. யார் பிழைப்பார் என்பதில் வேலைப் பிரிவினைக்கும் பங்கு இருந்தது. ஆழிப்பேரலையைக் கிளப்பியது நிலநடுக்கம். அதற்கும் பருவநிலை மாற்றத்துக்கும் தொடர்பில்லை. ஆனாலும் கடல்மட்டம் உயர உயர, புயலும் அரிப்பும் உப்பும் எந்தக் குடும்பத்தை முதலில் தொடும் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

ஒரு கரையோ ஊரோ எவ்வளவு எளிதில் பாதிப்புக்கு உள்ளாகும் என்பதை 'நலிவு' என்ற சொல்லால் குறிப்போம். கரையின் நலிவை எண்ணாக மாற்றும் முயற்சியை 1990 வாக்கில் தொடங்கிவைத்தவர் அமெரிக்க அறிவியலாளர் விவியன் கார்னிட்ஸ். அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1999ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த முறையை ஆறு காரணிகளாகச் செப்பனிட்டது: கரையின் நில அமைப்பு, சரிவு, கடல்மட்டம் உயரும் வேகம், கரைக்கோடு நகரும் வேகம், ஏற்றவற்றத்தின் அளவு, அலையின் உயரம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆறையும் பெருக்கி, ஆறால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அந்தக் கரைத்துண்டின் குறியீட்டெண் கிடைக்கும். ஹைதராபாதில் இயங்கும், இன்காய்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், ஏழு காரணிகளைக் கொண்டு இந்தியக் கரை முழுவதற்கும் இத்தகைய வரைபடத் தொகுப்பை 2012இல் வெளியிட்டது. பெரிய உழைப்பு அது. எந்த மாவட்டத்தில் முதலில் கண் வைக்க வேண்டும் என்று அரசுக்குச் சொல்ல அதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. ஆனால் அமெரிக்க முறையில் சிவப்பு நிறம் எப்படி வருகிறது என்று கவனிக்க வேண்டும். எல்லாத் துண்டுகளின் எண்களையும் வரிசைப்படுத்தி நான்காகப் பிரித்து, மேல் கால்பங்கை 'மிக அதிக நலிவு' என்று சிவப்பில் காட்டுகிறார்கள். ஆகவே எவ்வளவு பத்திரமான கரையை எடுத்துக்கொண்டாலும் அதில் கால்பங்கு சிவப்பாகத்தான் இருக்கும். பக்கத்துத் துண்டோடு ஒப்பிட்டு இது மோசம் என்று அந்த எண் சொல்லும். இங்கே குடியிருப்பவர் எவ்வளவு அஞ்ச வேண்டும் என்று அதனால் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. ஏற்றவற்றம் பெரிதாக உள்ள கரைதான் ஆபத்தானது என்று கார்னிட்ஸ் மதிப்பெண் இட்டார். பின்னால் வந்த அமெரிக்கக் குழு அதை அப்படியே திருப்பிப் போட்டது: ஏற்றவற்றம் சிறிதாக உள்ள கரையில் நீர் எப்போதுமே உச்ச மட்டத்துக்கு அருகில் நிற்கிறது, புயல் எந்த வேளையில் வந்தாலும் தாக்கும் என்பது அவர்கள் வாதம். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. எண்ணாக மாறிவிட்டதாலேயே ஒன்று தீர்ப்பாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அளவையின் சிக்கல் இன்னும் ஆழமானது. இந்தியக் கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்று பள்ளியில் படித்தோம். அண்மையில் அது 11,098 கிலோமீட்டராகத் திருத்தப்பட்டது. கடல் புதிதாகக் கரை எதையும் தந்துவிடவில்லை. முன்பைவிட நுணுக்கமான அளவையில் அளந்தபோது, பழைய கோடு தாண்டிச் சென்ற கழிகளும் வளைவுகளும் முகத்துவாரங்களும் கணக்கில் வந்தன. இன்காய்ஸ் வரைபடங்களின் அளவை ஒன்றுக்கு ஒரு லட்சம். அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 100 மீட்டர். ஒரு சிறு குப்பத்தின் வீடுகள், கோயில், வலைக்கூடம், படகுத்துறை அனைத்தும் பென்சில் முனையளவு இடத்தில் அடங்கிவிடும். உயரத்தின் நிலை இதைவிடக் கடினம். 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்ட உயரத் தரவுதான் உலகின் பல நாடுகளில் நீண்டகாலம் அடிப்படையாக இருந்தது. அந்த ரேடார் தரையோடு கூரையையும் தென்னை உச்சியையும் சேர்த்தே பார்த்தது. தாழ்வான கரையோரங்களில் சராசரியாக 2 மீட்டருக்கு மேல் உயரத்தைக் கூட்டிக் காட்டியது. 2019இல் ஸ்காட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் இருவரும் அந்தப் பிழையைத் திருத்திக் கணக்கிட்டார்கள். உலகில் இன்றைய உயர் ஏற்ற மட்டத்துக்குக் கீழே வாழ்வோர் பழைய தரவின்படி 2.8 கோடிப் பேர். திருத்தியபின் 11 கோடி. இரண்டு மூன்று மீட்டரே உயர்ந்து நிற்கும் ஒரு குப்பத்தைப் பற்றி, இரண்டு மீட்டர் பிழையுள்ள தரவை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? மழை பெய்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்தப் பக்கமாக வடியும் என்று அந்தத் தெருவில் இருப்பவர் சொல்வது, இந்த இடத்தில், துல்லியமான அளவீடு.

பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு தன் முந்தைய அறிக்கைகளில் நலிவை மூன்று கூறாகப் பிரித்துப் பேசியது. நம் பேச்சில் சொன்னால்: என்ன தாக்கும், தாக்கினால் எவ்வளவு உறைக்கும், உறைத்தபின் எழுந்துகொள்ள எவ்வளவு வலு இருக்கிறது. குறியீட்டெண் வரைபடம் முதல் கூறைத்தான் தொடுகிறது. மற்ற இரண்டும் ஊருக்குள் போனால்தான் தெரியும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கையால் கடலுக்குப் போகாத நாள்கள் தனி. இந்த இரண்டு வறட்சிக்கும் நடுவில் ஒரு குடும்பம் எப்படிக் கடத்துகிறது, யாரிடம் கடன் வாங்குகிறது, கருவாடு போட இடம் உண்டா, வீட்டில் வேறு வருமானம் உண்டா என்பதே உறைப்பின் அளவு. எழும் வலுவுக்கும் ஒரு சான்று சொல்லலாம். புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய தகவல் மையம் ஒன்று இருந்தது. கடல் நிலவரத்தை அறிவிக்க ஒலிபெருக்கியும் இருந்தது. 2004இல் அலை வருகிறது என்று வெளிநாட்டில் வேலை செய்த ஊர்க்காரர் தொலைபேசியில் சொல்ல, ஒலிபெருக்கி ஊரை எழுப்பியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் தப்பினார்கள். அந்த ஒலிபெருக்கி எந்த நலிவு வரைபடத்திலும் இல்லை. மேற்கு இந்தியப் பெருங்கடலின் ஐந்து நாடுகளில் 29 கரையோர ஊர்களை ஜோஷ்வா சின்னரும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவும் இதையே காட்டுகிறது: ஊருக்கு ஊர் நலிவின் ஊற்று வேறு. ஓர் ஊருக்குப் பவளப்பாறையின் சேதம், இன்னோர் ஊருக்கு மீனை மட்டுமே நம்பிய பிழைப்பு, மற்றோர் ஊருக்கு எழுந்துகொள்ள வலுவின்மை. ஊற்று வேறென்றால் மருந்தும் வேறு. எல்லா ஊருக்கும் கருங்கல் கொட்டுவது மருந்தாகாது.

குடிதண்ணீரை எடுத்துக்கொள்வோம். கடற்கரை மணல்மேட்டில் இரண்டு மூன்று அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள் தென்மாவட்டக் கரைகளில் இன்றும் உண்டு. தனுஷ்கோடி மணலில் அப்படித்தான் குடிக்கிறார்கள். மணலுக்குள் இறங்கிய மழைநீர், அதைவிடக் கனமான கடல்நீரின்மேல் மிதக்கிறது. நெதர்லாந்தின் பாடன் கைபன், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் இருவரும் நூறாண்டுக்கு முன்பே தனித்தனியாகக் கண்டறிந்த விதி இது: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். தலைகீழாகவும் இதே கணக்குதான். மேலே ஒரு மீட்டர் இறைத்துவிட்டால், அடியில் உப்பு நீர் காலப்போக்கில் 40 மீட்டர் ஏறும். ஆகவே கிணறு உப்பாவதற்குக் கடல் வீட்டு வாசலுக்கு வர வேண்டியதில்லை. பக்கத்தில் இரவு பகலாக இறைக்கும் ஆழ்துளைக் கிணறோ, தோண்டி எடுக்கப்பட்ட மணல்மேடோ போதும். கிராண்ட் ஃபெர்குசனும் டாம் க்ளீசனும் 2012இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு, பெரும்பாலான கரையோர நிலத்தடி நீருக்குக் கடல்மட்ட உயர்வைவிட இறைப்பே பெரிய அச்சுறுத்தல் என்பது. இதைக் கண்காணிக்கச் செலவு அதிகமில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், நீரில் கரைந்துள்ள திடப்பொருளின் அளவைக் காட்டும், பேனா வடிவிலான கரைதிட அளவி ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம், ஐந்தாறு கிணறுகள். இந்தியத் தரநிலையில் குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைதிடம் ஏற்கத்தக்க வரம்பு. வேறு வழியில்லாதபோது 2,000 வரை. மாதம் ஒருமுறை குறித்தால் இரண்டு மூன்று ஆண்டில் எந்தக் கிணறு நகர்கிறது, எந்தப் பருவத்தில் நகர்கிறது என்பது தெரிந்துவிடும். குடம் தூக்குபவர்கள் பெண்கள் என்பதால் இந்த நோட்டு அவர்கள் கையில் இருப்பது பொருத்தம்.

கரைக்கோட்டுக்கும் இதுபோல் எளிய வழி உண்டு. 1961இல் அமெரிக்கக் கடலியலாளர் கே.ஓ. எமரி சொல்லித்தந்த முறைக்கு வேண்டியது ஒரே உயரமுள்ள, அளவு குறித்த இரண்டு கோல்கள். கடலைப் பார்த்து நின்று, முன்கோலையும் பின்கோலையும் தொடுவானத்தோடு ஒரே நேர்கோட்டில் பொருத்திப் பார்த்தால், இரண்டுக்கும் இடையிலான இறக்கம் கோலிலேயே படிக்கக் கிடைக்கும். தொடுவானமே மட்டப்பலகை! விலை உயர்ந்த கருவிக்கு நிகராக எல்லா இடத்திலும் வராது, உண்மைதான்; ஆனால் மாதந்தோறும் அதே இடத்தில், அதே கோலால், அதே பிள்ளைகள் அளந்தால் ஆண்டுக்கு எத்தனை அடி மணல் போகிறது, எத்தனை திரும்புகிறது என்பது பிடிபடும். 1990களின் இறுதியில் கரீபியன் தீவுகளில் தொடங்கி யுனெஸ்கோ ஆதரவில் வளர்ந்த 'சாண்ட்வாட்ச்' திட்டத்தில் பள்ளி மாணவர்கள் இப்படித்தான் தம் கரையை அளந்துவருகிறார்கள். கடலோடிகளின் மொழியே ஒரு பதிவேடு என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது. காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் என்று பெயர். நீரோட்டத்துக்கு நீவாடு என்று பெயர். காற்றே இல்லாத தெளிந்த நாளில் திடீரெனக் கடல் ஏறி வீட்டுக்குள் புகுவதைக் கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்றார்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, தென்பெருங்கடலின் புயல்கள் எழுப்பிய நெடிய அலைகள் நாள்கணக்கில் பயணித்து வந்து சேர்வதே அதற்குக் காரணம் என்று கடலியலாளர்கள் பின்னர் விளக்கினார்கள். 2012இல் யுனெஸ்கோ அந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. இன்று கன்னியாகுமரிக் கரைக்கு இன்காய்ஸ் விடும் எச்சரிக்கைகளிலும் அது இருக்கிறது. குப்பத்தில் பெயரிட்டதை ஆய்வகம் விளக்கியது. ஆய்வகத்தின் எச்சரிக்கையாக அது குப்பத்துக்கே திரும்பி வருகிறது.

நலிவை ஊரும் சேர்ந்து அளக்க வேண்டும் என்பதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, நினைவு ஏமாற்றும் என்பது. முப்பது ஆண்டுக்கு முன் கரை எங்கிருந்தது என்று கேட்டால் ஒருவர் நூறு மீட்டர் என்பார், இன்னொருவர் முந்நூறு என்பார். அதைவிடப் பெரிய குறை, வரப்போவது யார் நினைவிலும் இல்லாதது என்பது. 2004இல், அதற்குமுன் ஓர் ஆழிப்பேரலையைக் கண்டிருந்த பாட்டனார் குப்பங்களில் இல்லை. உலகக் கடல்மட்டம் 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர் உயர்ந்தது. 2006க்கும் 2018க்கும் இடையில் 3.7 மில்லிமீட்டர். நூற்றாண்டு இறுதிக்குள், உமிழ்வு மிகக் குறைந்தால் 28 முதல் 55 செண்டிமீட்டரும், மிக அதிகமானால் 63 செண்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையும் உயரக்கூடும் என்கிறது பன்னாட்டுக் குழுவின் ஆறாம் அறிக்கை. அனுபவத்தால் எட்ட முடியாத எண்கள் இவை. இந்த மறுப்பை முழுமையாக ஏற்கிறேன். அதனாலேயே ஊராரும் அறிவியலாளரும் ஒரே திண்ணையில் உட்கார வேண்டும். ஊர் சொல்லும் தூரத்தைப் பழைய செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். அரை மீட்டர் உயர்ந்தால் நீர் எங்கே நிற்கும் என்று அறிவியலாளர் தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டலாம். அந்தக் கோட்டுக்குள் நடக்க முடியாத முதியவர் யார் வீட்டில் இருக்கிறார், படகுக் கடன் யாருக்கு நிலுவை, இரவில் எந்தச் சந்து அடைபடும் என்பதை ஊர்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது மறுப்பு காரணம் பற்றியது: கரையைத் தின்பது பருவநிலையா, நாம் கட்டியவையா? கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே ஒரு சுவர் நின்றால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிபடும். சென்னைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தபின் மெரினா விரிந்ததும் ராயபுரத்துக்கு வடக்கே கரை கரைந்ததும் இதனால்தான். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டியபின் நகரின் கடற்கரை காணாமல் போனது. அங்கே கருங்கல் கொட்டியதும் அரிப்பு வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பத்தையும் சின்னமுதலியார்சாவடியையும் தின்றது. தமிழகக் கரையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அரிபடுகிறது என்று தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் 1990–2018 கால ஆய்வு சொல்கிறது. இதில் எவ்வளவு உயரும் கடலின் பங்கு, எவ்வளவு கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின் பங்கு, எவ்வளவு அணைகளில் தங்கிவிட்ட ஆற்றுமணலின் பங்கு என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் பருவநிலையின் தலையில் கட்டினால், பக்கத்து ஊரின் சுவருக்குப் பொறுப்பேற்க யாருமே இல்லாமல் போய்விடுவார்கள். எந்த ஆண்டில் எந்தக் கல் விழுந்தது, அதற்குப்பின் எத்தனை வரிசை வீடு போனது என்ற ஊரின் காலவரிசை இந்தப் பிரிப்புக்கு மிகவும் பயன்படும்.

'ஊர்' என்று சொல்லும்போது எச்சரிக்கை வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதிலும் படகு உள்ளவர்கள். தலைச்சுமையாக மீன் விற்பவர், கணவரை இழந்தவர், படகில்லாத கூலி, ஊருக்கு வெளியே கழியோரம் நண்டும் இறாலும் பிடிக்கும் இருளர் குடும்பம், இவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தாலும் வாய் திறப்பதில்லை. ஆழிப்பேரலைக்குப்பின் நிவாரணம் ஊர் அமைப்புகள் வழியாகப் போனபோது இவர்களில் பலர் விடுபட்டார்கள். ஒரே கூட்டம் போட்டு ஒரே வரைபடம் வரைந்தால், வலியவர்களின் நலிவுதான் ஊரின் நலிவாகப் பதியும். பெண்களிடம் தனியே, கூலிகளிடம் தனியே, கழியோரத்தவரிடம் தனியே கேட்டு, முரண்படும் இடங்களை அழிக்காமல் அப்படியே வைக்க வேண்டும்.

கடைசி மறுப்பு மக்களிடமிருந்தே வருகிறது. மற்ற எல்லாவற்றையும்விட இதுவே என்னைத் தயங்க வைக்கிறது. 'இந்த இடம் ஆபத்து' என்று நாங்களே எழுதிக் கொடுத்தால், அதையே காட்டி எங்களை வெளியேற்ற மாட்டார்களா? வெறும் பயம் என்று இதைத் தள்ள முடியாது. 2005 மார்ச் மாதம் வெளியான தமிழக அரசாணை எண் 172, உயர் ஏற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களை அப்பால் போய்ப் புது வீடு பெறச் சொன்னது. போனவர்கள் பழைய இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், போகாதவர்களுக்கு வீட்டு உதவி இல்லை. படகையும் வலையையும் கண்ணால் பார்க்க முடியாத தூரத்தில் வாழ்வது மீனவருக்குத் தொழிலை இழப்பது போன்றது. ஆகவே மதிப்பீட்டில் ஆபத்தோடு உரிமையும் அருகருகே பதிவாக வேண்டும். 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இதற்கு ஒரு பிடி தந்தது: மீனவக் கிராமங்கள், அவர்களின் பொதுச்சொத்துகள், மீன் உலர்த்தும் இடங்கள், ஐஸ் ஆலைகள் ஆகியவற்றைக் கிராம நிலவரைபட அளவையில் குறிக்க வேண்டும் என்றது அது. கரைவலை இழுக்கும் மணல், வலை உலர்த்தும் திட்டு, படகு ஏற்றும் வழி, ஏலத்திடல் எல்லாம் ஏறிய வரைபடமும் உப்பான கிணறுகள் ஏறிய வரைபடமும் ஒரே தாளாக இருக்க வேண்டும். அதன் மூலப்பிரதி ஊரிடம் இருக்க வேண்டும்.

தமிழகத்தில் 600க்கும் மேற்பட்ட கடல் மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இதைச் செய்ய ஆளும் பணமும் எங்கே என்ற கேள்வி எழும். பணம் வரவே செய்கிறது. 2023–24 நிதிநிலை அறிக்கையில் உலக வங்கி உதவியோடு 2,000 கோடி ரூபாயில் 'நெய்தல் மீட்சி இயக்கம்' அறிவிக்கப்பட்டது. அந்தப் பணத்தில் சிறு பங்கு போதும், குப்பத்துக்கு இரண்டு கோல்களும் ஓர் அளவியும் நோட்டும், அவற்றைப் பழக்கித்தர அருகிலுள்ள கல்லூரியிலிருந்து ஓர் ஆசிரியரும் கிடைக்க. சிவப்புத் துண்டுகளிலிருந்து தொடங்கலாம். இன்காய்ஸ் வரைபடம் அதற்குத்தான் உதவும். முதல் அளவை வாடை தொடங்குமுன், புரட்டாசிக் கடைசியில் எடுக்க வேண்டும். இரண்டாவது அளவு தையில், புயல்காலம் அடங்கியபின். அந்த மூன்று நான்கு மாதத்தில் கரை எத்தனை அடி உள்வாங்கியது, எந்தக் கிணற்றின் எண் ஏறியது, எத்தனை நாள் அடுப்பு கடன் வாங்கி எரிந்தது என்ற மூன்று வரிகளும் நோட்டின் முதல் பக்கத்தில் ஏறிவிடும்.